அக்கரைக்கு ஒரு டிக்கெட்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் யார் எந்த ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் எதிர் வீட்டு மாமிக்குச் செய்தி போய்விடும். எண்பத்தொரு வயது. காது கொஞ்சம் மந்தம். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் நன்றாகக் கேட்கும். போன வருஷம் நான் துருக்கி போய் வந்ததும், குளக்கரையில் என்னை நிறுத்தினாள்.

"ஏண்டா அம்பி, கப்பல்லே போனியாமே?"

"கப்பல் இல்லை மாமி, ஃபெரி. கால் மணி, இருபது நிமிஷம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு."

"நான் மூணு மணி நேரம் போயிருக்கேன், கேட்டயா. கப்பல்லேயாக்கும்" என்று சொல்லிவிட்டு வராகமூர்த்தி சந்நிதிக்கு நடையைக் கட்டினாள்.

நான் போனது சனக்கலே என்ற துறைமுக ஊருக்கு. இஸ்தான்புல்லிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரப் பயணம். ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கிற டார்டனெல்ஸ் நீரிணையின் ஆசியக் கரையில் இருக்கிறது. துருக்கிய மொழியில் சனக் என்றால் சட்டி, கலே என்றால் கோட்டை. ஒரு காலத்தில் மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். நம் பக்கத்தில் என்றால் சட்டிக்கோட்டை என்று பெயர் வைத்திருப்பார்கள்.

நீரிணை சுமார் 60 கிலோமீட்டர் நீளம். ஊருக்கு எதிரே அதன் அகலம் 1.2 கிலோமீட்டர்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத் சுல்தான், இந்தக் கரையில் ஒன்றும் எதிர்க்கரையில் ஒன்றுமாகக் கோட்டைகள் கட்டிப் பீரங்கிகளை வைத்தான். நடுவில் போகிற கப்பல் அவன் தயவில்தான் போக வேண்டும். இன்றும் பெரிய சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. கரையோரம் டீக்கடைகள். சின்னக் கண்ணாடிக் குவளையில் பாலில்லாத டீயை வைத்துக்கொண்டு ஜனங்கள் கப்பல் எண்ணுகிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மரக்குதிரை. 2004-இல் வந்த 'ட்ராய்' ஆங்கிலப் படத்துக்காகச் செய்தது. உண்மையான ட்ராய் நகரத்து இடிபாடுகள் அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில்.

கதைகளுக்குக் குறைவில்லாத தண்ணீர் அது. கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசன் செர்க்சிஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது, இங்கே படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டான். முதல் பாலத்தைப் புயல் கொண்டுபோய்விட்டது. அவன் கடலுக்கு முந்நூறு சாட்டையடி கொடுக்கச் சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பாலம் கட்டியவர்களுக்குச் சாட்டையடி இல்லை; தலையே போயிற்று. ராமேஸ்வரத்தை அறிந்தவர்களுக்கு இதைக் கேட்டவுடன் வேறொரு பாலம் நினைவுக்கு வரும். நம் கதையில் ராமனும் கடல்மேல் கோபப்பட்டு வில்லை எடுக்கிறான். ஆனால் கடலரசன் வந்து வணங்கியதும் சமாதானமாகிவிடுகிறான்.

1915-இல் பிரிட்டனும் பிரான்சும் இந்த வழியாகக் கப்பல் விட்டு இஸ்தான்புல்லைப் பிடிக்கப் பார்த்தன. மார்ச் 18 அன்று கண்ணிவெடிகளில் சிக்கிக் கப்பல்கள் மூழ்கின. பிறகு எதிர்க்கரையில் கலிபோலி தீபகற்பத்தில் தரைப்படை இறங்கி, எட்டு மாதம் போராடித் திரும்பியது. அதில் இந்தியப் படையும் இருந்தது. 14-ஆம் சீக்கியப் படைப்பிரிவு ஜூன் 4 அன்று ஒரே நாளில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. கோவேறு கழுதைகளில் தண்ணீரும் குண்டும் சுமந்து போனவர்களும் நம்மவர்கள்தான். யாருடைய சண்டைக்கோ போய், யாருடைய மண்ணிலோ புதைந்தவர்கள். தீபகற்பத்தின் முனையில் இருக்கிற நினைவுத் தூணில் அவர்களுக்கும் இடமுண்டு.

இதையெல்லாம் ஒரு மாலை மாமிக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கே இன்னும் கப்பல் ஓடறதோ?" என்று கேட்டாள். "ஓடுகிறது மாமி. போதாதென்று 2022-இல் பாலமும் கட்டிவிட்டார்கள். இரண்டு கோபுரத்துக்கு நடுவே 2,023 மீட்டர்."

"நம்மடது நின்னுபோச்சே" என்றாள்.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. மாமியின் அப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிள்ளை. மாமி முதலில் கடல் கடந்தது ஏழு வயதில். கடைசியாகக் கடந்தது 1961-இல், கல்யாணமாகி ஸ்ரீவராகத்துக்கு வந்தபோது. அண்ணா கொழும்பிலேயே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்றைய இளைஞர்களுக்கு இது புராணம் மாதிரி இருக்கும். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். எழும்பூரில் போட் மெயிலில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி. அங்கே ரயில் துறைமுகத்துக்கே போய் நிற்கும். சுங்கச் சோதனை, டாக்டர் சோதனை முடிந்து கப்பல். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள். ஒன்றுக்கு வைஸ்ராய் பெயர், இன்னொன்றுக்குச் சென்னை கவர்னர் பெயர். இருபத்திரண்டு மைல் தாண்டினால் தலைமன்னார். அங்கே இன்னொரு ரயில் காத்திருக்கும். ஏறினால் கொழும்புக் கோட்டை. திருவனந்தபுரத்துக்காரர்கள் கொல்லம், செங்கோட்டை, மதுரை என்று சுற்றிவந்து அந்த ரயிலைப் பிடிப்பார்கள்.

"கப்பல்லே எல்லாருக்கும் தலை சுத்தும். எனக்கு மட்டும் பசிக்கும்" என்றாள் மாமி. "அண்ணா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையிலே வெச்சுண்டு என்னைப் பார்த்து முறைப்பான்."

அந்த அண்ணா கடைசியாகத் தனுஷ்கோடி வழியாக வந்தது 1964 ஆவணியில். நாலு மாதம் கழித்து, டிசம்பர் 22 நள்ளிரவு, புயல். பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு புறப்பட்ட 653-ஆம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போனது. ஒருவரும் பிழைக்கவில்லை. ஸ்டேஷன், சுங்கச்சாவடி, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் ஒரே இரவில் போயின. மொத்தம் சுமார் 1,800 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாம்பன் பாலத்தில் 126 இரும்புத் தூலங்கள் கடலுக்குள். அவற்றை மீட்டு 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தவர் நம் கேரளத்துக்காரர், பிற்காலத்தில் கொங்கண் ரயிலுக்கும் டில்லி மெட்ரோவுக்கும் பெயரெடுத்த இ. ஸ்ரீதரன். பாலம் பிழைத்தது. ஊர் பிழைக்கவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

"நான் போன தடவை காபி குடித்த ஸ்டேஷன் இப்போது இல்லையாம்" என்று அண்ணா கடிதம் எழுதினாராம். அந்த ஒரு வரி மாமிக்கு மனப்பாடம்.

புயலுக்கு இரண்டு மாதம் முன்னால் இன்னொன்றும் நடந்தது. அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களின் குடும்பங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தம். சனக்கலே பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1923-இல் லோசானில் கிரேக்கமும் துருக்கியும் கையெழுத்திட்டன. ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் அந்தப் பக்கம், 4 லட்சம் முஸ்லிம்கள் இந்தப் பக்கம். இரண்டு ஒப்பந்தங்களிலும் சம்பந்தப்பட்ட ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

தனுஷ்கோடி போனபின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. பெயர் 'ராமானுஜம்'. மலையகத்திலிருந்து வந்தவர்கள் தகரப் பெட்டியும் குழந்தையுமாக அதில்தான் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். மாமியின் அண்ணாவும் அதில் மூன்று தடவை வந்தார். 1984-இல், இலங்கையில் போர் மூண்ட பிறகு, அதுவும் நின்றது.

1991-இல் அண்ணா கொழும்பில் காலமானார். தந்தி மறுநாள் வந்தது. எங்கள் ஸ்ரீவராகத்திலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். பத்மநாப சுவாமி ஆராட்டுக்குச் சங்குமுகம் போகும்போது ஓடுபாதையையே மூடி வழிவிடுகிற விமான நிலையம் அது. அங்கிருந்து கொழும்பு ஒரு மணி நேரம். ஆனால் மாமியிடம் பாஸ்போர்ட் கிடையாது. மாமாவின் சம்பளத்தில் விமானம் என்ற பேச்சும் கிடையாது. "தலைக்கு மேலே சத்தம் கேட்கறச்சே எல்லாம் அண்ணா ஆத்துக்குப் போறதுன்னு நினைச்சுப்பேன்" என்றாள். பிறகு, "அம்பி, என்னை அந்த இடத்துக்கு ஒருதரம் கூட்டிண்டு போறியா?" என்று கேட்டாள்.

தை மாதம் போனோம். என் மகள் கார் ஓட்டினாள். நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம். வழியெல்லாம் மாமி தூங்கவில்லை. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின்மேல் ஏறியதும், கீழே பழைய ரயில் பாலத்தையும் அதன் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தையும் காட்டினேன். கப்பல் வந்தால் புதுப் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும் என்றேன். "கப்பல் வரட்டும்" என்றாள்.

ராமேஸ்வரத்துக்கப்புறம் சவுக்கும் மணலும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டுவிட்டார்கள். அதற்கு முன் மணலில் ஜீப்பும் வேனும்தான். இரண்டு பக்கமும் கடல். இடப்பக்கம் பாக் விரிகுடா, குளம் மாதிரி. அதைப் பெண்கடல் என்கிறார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அலையடிக்கும், அது ஆண்கடல். பெயர் வைத்தவர் ஆணா பெண்ணா என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய ஊரில் காரை நிறுத்தினோம். மாதா கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. ஸ்டேஷனின் மிச்சம் கொஞ்சம். சங்கும் சிப்பியும் விற்கிற குடிசைகள். மாமி ஸ்டேஷன் சுவரைப் பார்த்துவிட்டு, "இது இத்தனை சின்னதா இருந்ததா?" என்றாள். குழந்தையாகப் பார்த்ததை எண்பது வயதில் பார்த்தால் எல்லாமே சின்னதுதான். கடை வைத்திருந்த பெண்மணி மாமியை உட்காரவைத்து, மணலில் கையால் தோண்டி ஊறிய தண்ணீரைச் சொம்பில் கொடுத்தாள். உப்பே இல்லை. சுற்றிலும் கடல், நடுவில் நல்ல தண்ணீர்.

"வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காரா?" என்று கேட்டேன். "போயிருக்கு. வந்தாத்தான் வந்துச்சு" என்றாள் அந்தப் பெண். நடுக்கடலில் 1974-இல் ஒரு கோடு போட்டார்கள். கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. மீனுக்குக் கோடு தெரியாது. அதைத் தாண்டிப் போகிறவர்களை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. படகு போகிறது, மாதக்கணக்கில் சிறை, சில சமயம் உயிர். அந்தக் கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களும் தமிழ் மீனவர்களே. போரில் முப்பது வருஷம் கடலை இழந்தவர்கள். நம் இழுவை மடிப் படகுகள் அடிக்கடலை வழித்தெடுத்து எங்கள் வலையையும் அறுத்துப் போகின்றன என்பது அவர்கள் முறையீடு. அதையும் பொய் என்று சொல்ல முடியாது. பழைய நாளில் இந்த இரண்டு கரையும் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கின்றன. இப்போது கடற்படை மூலமாகத்தான் பேசிக்கொள்கின்றன.

அரிச்சல்முனையில் சாலை வட்டமடித்து முடிகிறது. நடுவில் நான்முகச் சிங்கத் தூண். அதற்கப்பால் மணல்முனை, திட்டுகள், கடல். மாமியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தண்ணீர் வரை போனோம்.

"தலைமன்னார் எந்தப் பக்கம்?"

காட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. முப்பது கிலோமீட்டர் சொச்சம்; கண்ணுக்கு எட்டாது. ஆனாலும் மாமி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 1966 ஏப்ரலில் மிஹிர் சென் என்ற வங்காளி வக்கீல் அங்கே இறங்கி 25 மணி 36 நிமிஷம் நீந்தி இந்தக் கரையில் ஏறினார். அதே ஆண்டு செப்டம்பரில் போய் டார்டனெல்சையும் நீளவாக்கில் நீந்தினார். இரண்டு நீரிணையையும் உடம்பால் அளந்த மனிதர். நவரத்தினசாமி என்பவர் அவருக்கும் முன்னால் 1954-லேயே கோடிக்கரைக்கு நீந்தி வந்தவர். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-இல் போகவும் வரவும் சேர்த்து நீந்தினார். நீந்துகிறவர்கள் போய் வந்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் வழியில்லை.

சேது மண் எடுத்துக் காசிக்குக் கொண்டுபோவது வழக்கமாயிற்றே, கொஞ்சம் எடுத்துக்கொள்கிறீர்களா மாமி என்று கேட்டேன். "காசிக்கு யார் போறா? எனக்குப் போகணும்னா அங்கேதான்" என்று கடலைக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து என் மகளின் செல்போனில் ஒரு செய்தி. எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள். இலங்கைக் கம்பெனியின் அலைவரிசை பிடித்துக்கொண்டிருக்கிறது. இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம் என்று செய்தி. மாமிக்குப் படித்துக் காட்டினாள்.

"வாங்கோங்கறான். எதுலே வரது, அதைக் கேளு" என்றாள் மாமி.

நியாயமான கேள்வி. திரும்பும் வழியெல்லாம் என் மனதில் அதுதான். சனக்கலேயில் ஃபெரியும் பாலமும் இருப்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு: இரண்டு கரையும் துருக்கிக்கே சொந்தம். பாஸ்போர்ட், விசா, கடற்படை எதுவும் நடுவில் வராது. நம் போட் மெயிலும் அப்படித்தான் பிறந்தது. அன்று இரண்டு கரையும் பிரிட்டிஷ்காரன் கையில். ஆகவே இரண்டு நாடானதும் கப்பல் நின்றது இயற்கை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் சமாதானமும் நிற்கவில்லை. சனக்கலேயிலிருந்து தெற்கே போனால் அய்வாலிக் என்ற ஊர். அங்கிருந்து கிரேக்கத் தீவான லெஸ்போசுக்குக் கப்பல் ஓடுகிறது. கிரேக்கமும் துருக்கியும் நூறாண்டுப் பகையாளிகள். கடல் எல்லை, தீவு, வான் எல்லை எல்லாவற்றுக்கும் வழக்கு. அப்படியும் 2024-இல், துருக்கியர்கள் சில தீவுகளுக்குக் கப்பலில் போய் இறங்கி அங்கேயே ஒரு வார விசா வாங்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சண்டை ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு மீன் ஒரு பக்கம். இந்தியாவும் இலங்கையும் அத்தனை பகையாளிகள் அல்ல. 1984-க்குப் பிறகு பாக் நீரிணையில் பயணிக் கப்பல் மறுபடி வர 2023 அக்டோபர் ஆயிற்று. அதுவும் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓய்வு. தலைமன்னார் துறையில் ரயில் நிலையத்தை 2015-இல் இந்திய உதவியோடு புதுப்பித்துத் திறந்தார்கள். ரயில் வந்து நிற்கிறது. எதிரிலிருந்து கப்பல் வர வேண்டியதுதான் பாக்கி.

இந்தியா முழுக்க எத்தனையோ வீடுகளில், கொழும்பில் பிறந்தவர்கள், கண்டியில் தேயிலை பறித்தவர்கள், அக்கரையில் அண்ணனையோ தங்கையையோ விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் எண்பது ஆகிக்கொண்டிருக்கிறது. பேச்சுவார்த்தைகள் பத்தாண்டுக் கணக்கில் நடக்கலாம். இவர்களிடம் அத்தனை அவகாசம் இல்லை.

ஊர் வந்த மறு வாரம் மாமி கூப்பிட்டனுப்பினாள். மேஜைமேல் ஆதார் அட்டை, இரண்டு புகைப்படம், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை.

"பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேணும், பாரு."

"விமானத்திலேயே போய்விடலாமே மாமி. ஒரு மணி நேரம்."

"விமானம் வேண்டாம். கப்பல்லே போகணும். எலுமிச்சம்பழம் வேண்டாம், எனக்குத் தலை சுத்தாது."

விசாரணைக்குக் காவல் நிலையத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். எண்பத்தொரு வயதில் வெளிநாடு எதற்கு என்று மலையாளத்தில் பணிவாகக் கேட்டார். அண்ணா ஆத்தைப் பார்க்க என்றாள் மாமி. அண்ணா இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, ஆம் இருக்கு என்றாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடலுக்குள் போன பூமியைக் கொம்பில் தூக்கி வந்தவர் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் வராகமூர்த்தி. தனுஷ்கோடியைத் தூக்கித் தர அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மாமி இப்போது தினமும் சந்நிதியில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் என்றைக்குப் புறப்படுகிறது என்று வாரம் ஒருமுறை என்னை விசாரிக்கச் சொல்கிறாள். விசாரிக்கிறேன்.